சுருதிப் பெட்டி: ‘உமக்கூ’ என்று ஊதாதீர்கள்

போன இதழில், மகனுக்குப் பாட்டே வரவில்லை என்று வருத்தப்பட்ட ஓர் அம்மாவுக்குப் பதில் எழுதினேன். “பாட்டு வராதவன் என்று எவனும் கிடையாது, பழக்கிவிட ஆள் கிடைக்காதவன்தான் உண்டு; ஏற்காட்டில் நான் பாட்டுப் பழக்கும் குருமடத்துப் பையன்களிடம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்” என்று அதில் ஒரு வரி வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு இந்த மாதம் இத்தனை கடிதம். அதனால் இந்த முறை பெட்டி முழுக்கக் கத்தோலிக்கக் கோயில் பாட்டுதான்.

புதிய வாசகர்களுக்கு: நான் சங்கீத வித்துவான் கிடையாது. சேலத்தில் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தொன்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் மலையேறிப் போய், ஏற்காட்டுக் குருமடத்தில் சாமியார் ஆகப் படிக்கும் குருமாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஓர் ஆர்மோனியம், தட்டிச் சுருதி பார்க்கும் இசைக்கவை ஒன்று, அப்பாவின் பழைய நோட்டு ஒன்று, இவ்வளவுதான் கைச்சரக்கு.

சார், இந்த ஜூன் மாதத்திலிருந்து பாடகர் குழுப் பொறுப்பை அதிபர் என்னிடம் கொடுத்துவிட்டார். குருமடத்தில் 38 பேர் இருக்கிறோம். சுருதியோடு பாடுகிறவர்கள் 12 பேர் தேறுவார்கள். மூன்று பேர் வாயைத் திறந்தாலே மொத்தப் பாட்டும் சாய்ந்துவிடுகிறது. திருவிழா அன்றைக்கு மட்டும் அவர்களை வாயசைக்கச் சொல்லலாமா?
— குருமாணவர், ஏற்காடு

வேண்டாம் பிரதர். பங்கில் ஒரு குழு நடத்தினால் பொறுக்கி எடுக்கலாம், தப்பில்லை. உங்கள் வீட்டில் இருக்கிற 38 பேரும் நாளைக்குப் பீடத்தில் நிற்கப் போகிறவர்கள். அதிலும் முதல் ஐந்தாறு வருஷம் கிளைக் கிராமங்களில். அங்கே குழுவும் இருக்காது, கீபோர்டும் இருக்காது, சில நாள் கரண்டும் இருக்காது. சாமியார் எடுத்துக் கொடுத்தால்தான் சனம் பாடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டின் 115-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். குருமடங்களிலும், துறவுக்குப் புதிதாக வந்தவர்கள் பயிலும் நவதுறவகங்களிலும் இசை கற்பிப்பதற்கு மிகுந்த முக்கியத்துவம் தர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல குரல் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வளர்ந்தவன். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் ஒரே சுரத்தில் அம்மிக் குழவி மாதிரி அரைப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். ஒரு நாள் எல்லாரும் விளையாடப் போன பிறகு அவனை மட்டும் நிறுத்தி, “காட்டில் அப்பா அந்தக் கோடியில் இருந்தால் எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேட்டேன். கூச்சப்பட்டான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி “அப்போவ்” என்று ஒரு குரல் கொடுத்தான். ‘அப்’ கீழே, ‘போவ்’ சரக்கென்று மேலே. ஆர்மோனியத்தில் தேடினேன். கீழே இருந்தது ‘ச’ என்றால் மேலே இருந்தது ‘ப’, அச்சு அசலாக. ஒரே சுரம்தான் இருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த பையன் தினமும் காட்டில் பஞ்சமம் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறான்!

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இது. உங்கள் சுரத்துக்கு அவனை இழுக்காதீர்கள், அவன் சுரத்துக்கு நீங்கள் போங்கள். அவன் சாதாரணமாக ‘ம்’ போடும் இடம் எந்தக் கட்டை என்று ஆர்மோனியத்தில் கண்டுபிடியுங்கள். எல்லாரும் அந்தச் சுரத்தில் அவனோடு சேர்ந்து முனகட்டும். தன் குரலும் பக்கத்துக் குரலும் ஒன்றாகும்போது காதுக்குள் ஓர் அதிர்வு தெரியும். பாதிப் பேருக்கு அது வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். அது பிடிபட்ட பிறகு ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே. ஆத்தூர்ப் பையனுக்கு ஜூனில் ஆரம்பித்துக் கிறிஸ்துமஸ் ஆயிற்று. இப்போது அவர் குருவானவர். பூசையில் வரும் தொடக்கவுரையை மூன்று சுரத்துக்குள் பாடுகிறார். ஊர் பதில் பாடுகிறது. வேறென்ன வேண்டும்?

உட்காரவைக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சுருதி நிற்காதவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவதுதான் எல்லாரும் செய்வது. பின்னால் சுவர்தான் இருக்கும், அவர்கள் எதைக் கேட்டுப் பாடுவார்கள்? நடு வரிசையில் நன்றாகப் பாடுகிற இரண்டு பேருக்கு இடையில் ஒருவரை வையுங்கள். பின்னாலும் ஒரு நல்ல குரல் இருக்கட்டும்.

முதலில் எதைப் பழக்குவது என்பதில் எல்லாருக்கும் ஓர் ஆசை உண்டு: நற்கருணை வாங்கும்போது பாடும் திருவிருந்துப் பாட்டில் போய் நிற்பார்கள். 1967 மார்ச்சில் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய ஏடு வரிசையைத் தெளிவாகவே போட்டுக் கொடுத்திருக்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் வாழ்த்துகள், ‘தூயவர்’ என்று தொடங்கும் பாட்டு, ஆண்டவர் கற்பித்த செபம், இவைதான் முதல் படி. “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்பதை 38 பேரும் தனித்தனியாகப் பாடிக் காட்டும் வரை வேறு பாட்டைத் தொடாதீர்கள். அதற்கே மூன்று சனிக்கிழமை போய்விடும்.

எங்கள் பங்கில் கீபோர்டு வாசிக்கிறேன். தவக்காலம் 40 நாளும் கீபோர்டைத் தொடவே கூடாது என்கிறார் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். சரியா?
— வாசகர், சேலம்

பாதி சரி. தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசிக்கலாம், தனியாக வாசித்துக் காட்டக் கூடாது. நான்காம் ஞாயிறும் இடையில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் அதற்கு விலக்கு. மார்ச் 19 சூசையப்பரும் மார்ச் 25 மங்கள வார்த்தையும் பெரும்பாலும் அதில்தான் விழும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டுக்குப் பிறகு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இராத்திரிப் பூசையான பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரைக்கும் அதே கணக்கு, இன்னும் கண்டிப்பாக. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் வாசிக்கலாம், அடக்கமாக.

1903-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையில் கோயிலுக்குள் பியானோவே ஆகாது, பறை தாளம் போன்றவையும் ஆகாது என்று இருந்தது. அந்தக் கெடுபிடி இப்போது இல்லை. என்றாலும் உங்கள் கீபோர்டில் ‘ஸ்டைல்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதைத் தொட்டதும் டிரம்ஸும் பேஸும் தானாக ஓடுமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய பாப்பரசர் மேல் மரியாதை கூடுகிறது. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ பாட்டுக்கு டிஸ்கோ தாளம் ஓடியதை இதே சேலத்தில் இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கோயிலில் பாடும் சில பாட்டுகளில் தமிழ் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. எழுதிக் காட்டினால் நல்ல தமிழ்தான். பாடும்போது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. ஏன்?
— கல்லூரி மாணவி, ஆத்தூர்

வாம்மா, இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தையைப் பொருத்தும்போது எழுத்தை எண்ணுகிறார்கள், மாத்திரையை எண்ணுவதில்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது. மெட்டில் மூன்று எண்ணிக்கை இழுக்கிற இடத்தில் ‘வழி’யின் ‘வ’ வந்து விழுந்தால் என்ன ஆகும்? “நீரே என் வாழி.” ஆண்டவருக்கே வாழ்த்துப்பா பாடியாயிற்று. ‘வரம் கொடும்’ என்பது ‘வரம் கோடும்’ ஆகும். ‘பலி’ ‘பாலி’ ஆகும், ‘மகன்’ ‘மாகன்’ ஆவார். ஆங்கிலத்தில் ஓர் உயிரை இழுத்தால் பெரும்பாலும் அதே சொல்தான் இருக்கும். நம் மொழியில் இழுத்தால் சொல்லே மாறிப்போகும். படுவது வேறு, பாடுவது வேறு.

குற்றியலுகரம் இன்னொரு கண்டம். ‘உமக்கு’, ‘பாட்டு’, ‘இன்று’ இவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரைதான், உதடு குவியவே கூடாது. வரியின் கடைசிச் சொல் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். மெட்டோ வரியின் கடைசியில்தான் நீளமாக நிற்கும். விளைவு, 38 பேர் உதட்டைக் குவித்துக்கொண்டு “உமக்கூஊஊ”. மூடுபனி இறங்கிய டிசம்பர்ச் சாயங்காலத்தில் சிற்றாலயத்துக்கு வெளியே நின்று முதல் தடவை அதைக் கேட்டபோது, உள்ளே ஆந்தை புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

என்ன செய்கிறோம் என்றால், நீட்டத்தை முந்தின எழுத்துக்கு நகர்த்திவிடுகிறோம். ‘உம—’ என்று அகரத்திலேயே நின்று, எண்ணிக்கை முடிகிற நேரத்தில் ‘க்கு’ என்று சின்னதாக மூடிவிடுவது. கதவைச் சாத்துகிற மாதிரி, அறைகிற மாதிரி இல்லை. ‘அன்பு’, ‘இன்பம்’ மாதிரிச் சொற்களில் மெல்லினம் கைகொடுக்கும். ‘அன்ன்—பு’ என்று ‘ன்’ மேலேயே சுரத்தை நிறுத்தலாம். மெய்யெழுத்தில் நிற்காதே, உயிரில் நில் என்றுதான் மேல்நாட்டுப் பாடல் புத்தகங்கள் சொல்லும். தமிழுக்கு அது முழுக்கப் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். சிவன் கோயிலில் ஓதுவார் பதிகம் பாடும்போது ஒரு தடவை நின்று கேளுங்கள். எவ்வளவு இழுத்தாலும் குறில் குறிலாகவே காதில் விழும். நான் என் பையன்களிடம் தயங்காமல் சொல்வது இதை: போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒத்திகையில் புதுப் பாட்டு எடுத்தால் முதல் பத்து நிமிஷம் ஆர்மோனியத்தைத் திறக்கவே மாட்டேன். வரியை வீட்டில் அம்மாவிடம் பேசுகிற மாதிரிப் படிக்கச் சொல்வேன். அப்புறம் அதே வேகத்தில் ஒரே சுரத்தில். மூன்றாவதாகத்தான் மெட்டு. பேசும்போது இருந்த மாத்திரை மெட்டுக்குள் எங்கே செத்தது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். லகர ளகர ழகரம் வேறு தனிப் பஞ்சாயத்து. அதை இன்னொரு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக அதே கருத்துள்ள வேறு பாட்டைப் பாடலாமா? திருப்பாடலை எப்படிப் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.
— அருள்சகோதரி, சேலம்

கூடாது சிஸ்டர். வானவர் கீதத்துக்கும் இதே சட்டம்தான், அதன் வரிகளை மாற்றக் கூடாது. பதிலுரைப் பாடல் என்பது பூசையில் முதல் வாசகத்துக்குப் பிறகு பாடும் பைபிள் திருப்பாடல், இறைவார்த்தையின் ஒரு பகுதி. வாசகத்துக்குப் பதில் கதை படிப்போமா?

பாடுவது கஷ்டமும் இல்லை. பழைய இலத்தீன் முறையில் திருப்பாடல்களுக்கு எட்டு மெட்டு உண்டு. எட்டுக்கும் எலும்பு ஒன்றுதான்: ஒரு சுரத்தில் நின்று வரியை ஓதிக்கொண்டே போவது, நடுவில் ஒரு சின்னத் திருப்பம், முடிவில் ஒரு திருப்பம். இலத்தீனில் எந்த அசை அழுந்துகிறது என்று பார்த்துத் திருப்புவார்கள். தமிழில் அந்த அழுத்தம் கிடையாது. ஆகவே நான் நேர் நிரை பார்க்கிறேன். “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.” இரண்டாம் பாதியை அசை பிரியுங்கள்: எனக்/கே/தும்/குறை/யில்/லை. ‘எனக்கேதும்’ வரைக்கும் ஒரே சுரம். ‘குறை’ நிரை அசை, இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே சுரத்தில் விழ வேண்டும், அங்கே ஒரு படி இறங்குங்கள். ‘யில்’ இன்னொரு படி. ‘லை’யில் உட்காருங்கள், ‘லேஏஏ’ என்று கிளம்பாமல். சொல்லின் கடைசி ஐகாரம் குறுகும் என்று தொல்காப்பியக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாப்பு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இப்படியும் ஒரு பிழைப்பு.

எங்கள் குழுவில் 9 பெண்கள். கருவி இல்லாமல் பாடினால் நாலாவது சரணத்துக்குள் சுருதி இறங்கிவிடுகிறது. பெரிய வெள்ளி அன்று மானம் போகிறது.
— வாசகி, அரிசிப்பாளையம்

உங்களுக்கு மட்டும் இல்லைம்மா, உலகம் முழுக்க இறங்குகிறது. இறங்குவரிசையில் எல்லாரும் பெரிய அடி வைக்கிறார்கள், ஏறுவரிசையில் சின்ன அடி. படிக்கட்டில் நாம் நடக்கிற மாதிரிதான். ஒவ்வொரு சரணத்திலும் மயிரிழை குறைந்தால் நாலு சரணத்தில் அரைக் கட்டை காணாமல் போகும். ஆகவே இறங்கும்போது கஞ்சத்தனமாக இறங்கச் சொல்லுங்கள். ஒரே சுரம் நாலைந்து தடவை தொடர்ந்து வருகிற இடங்களிலும் கசியும். அங்கே ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்கிற நினைப்பு வேண்டும்.

அப்புறம் மூச்சு. சோகப் பாட்டு என்றால் குரலைத் தணிக்கிறோம், குரலோடு சேர்த்து மூச்சையும் தணித்துவிடுகிறோம். மெதுவாகப் பாடத்தான் கூடுதல் மூச்சு வேண்டும். 9 பேரும் ஒரே இடத்தில் மூச்சு விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் விடுகிற இடத்தில் நீங்கள் விடக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தும் இறங்கினால் பாட்டை அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ எடுத்துப் பாருங்கள். சில பாட்டு ஒரு கட்டையில் நிற்கவே நிற்காது, பக்கத்துக் கட்டையில் அசையாமல் நிற்கும்.

இசைக்கவையைப் பாட்டுத் தொடங்கும்போது தட்டுகிறார்கள். முடிந்த பிறகும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். ஒத்திகையில் மட்டும். பூசையில் தட்டி முகத்தைச் சுளிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் மக்கள் பாடுவதே இல்லை. குழு மட்டும் பாடுகிறது. என்ன கட்டையில் எடுத்தால் எல்லாரும் பாடுவார்கள்?
— பங்குப் பேரவை உறுப்பினர், ஓமலூர்

கட்டை என்பது பாட்டின் ‘ச’ நிற்கும் உயரம், எண் கூடினால் உயரமும் கூடும். மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ‘ச’வைத் தொடுகிற பாட்டு என்றால் 2 கட்டைக்கு மேல் போகாதீர்கள். குழுவில் இருக்கிற நல்ல குரல்காரருக்கு 4 கட்டை சுகமாக இருக்கும். காலை 6 மணிப் பூசைக்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்த பெரியவர் 4 கட்டையில் மேல் ஸட்ஜத்துக்கு எங்கே போவார்? புத்தகத்தை மூடிவிட்டுப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறோம்.

கட்டை விஷயத்தில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கா திருவிழிப்பில் குருவானவர் அல்லேலூயாவை மூன்று தடவை எடுப்பார், ஒவ்வொரு தடவையும் ஒரு படி உயர்த்தி. மக்கள் திருப்பிப் பாட வேண்டும். அந்த வருஷம் எனக்குக் கடும் ஜலதோஷம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் இறங்கும்போது இரண்டு காதும் அடைத்துக்கொண்டது. சாதாரணமாக ஒரு டீ குடித்தால் திறந்துவிடும், அன்றைக்கு இராத்திரி வரைக்கும் திறக்கவில்லை. காது அடைத்திருந்தால் நம் குரல் நமக்கே மண்டைக்குள் முழங்கும். இசைக்கவை ஜிப்பாப் பையில் இருந்தது. இத்தனை வருஷ அனுபவம் என்ற திமிர், அதை எடுக்கவில்லை. சாமியாருக்குச் சுரம் எடுத்துக் கொடுத்தேன்: 2 கட்டை என்று நினைத்து 4.

முதல் அல்லேலூயா கம்பீரமாக இருந்தது. இரண்டாவது 5 கட்டை, பையன்கள் கழுத்து நரம்பு தெரிந்தது. மூன்றாவது 6. அந்த இளம் குருவானவர் பாவம், உயிரைக் கொடுத்து எடுத்துவிட்டார். திருப்பிப் பாட வேண்டிய கூட்டத்திலிருந்து ஏழெட்டுக் குரல்தான் வந்தது, அதுவும் பிளந்துகொண்டு. இயேசு உயிர்த்த இராத்திரியில் என் மானம் கல்லறைக்குப் போயிற்று. இப்போதெல்லாம் காது திறந்திருந்தாலும் கவையைத் தட்டாமல் வாயைத் திறப்பதில்லை.

குருமடத்தில் ஆண் குரல்கள் மட்டும்தானே. நாலு குரல் நோட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது?
— முன்னாள் குருமாணவர், சேலம்

பாடக் கூடாது என்பதுதான் பதில். ஆண் பெண் நாலு குரலுக்கு எழுதியதை அப்படியே எடுத்து, பெண்களின் மேல்குரலை ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினால், ஆண்களின் மேல்குரலான டெனாருக்கு எழுதிய வரி சில இடங்களில் மெட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். எது மெட்டு, எது துணை என்றே தெரியாது. கீழே எல்லாக் குரலும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துச் சேறு கலக்கின மாதிரி இருக்கும். ஆண் குரல்களுக்கென்றே எழுதிய நோட்டு கிடைத்தால் பாடுங்கள். கிடைக்காவிட்டால் எல்லாரும் ஒரே குரலில் பாடிவிட்டு, பல்லவிக்கு மட்டும் கீழே ஒரு துணைக்குரல் போதும். இருபது வயதுப் பையன்களில் பெரும்பாலோருக்கு நடுக்குரல்தான். டெனார் ஆக வேண்டும் என்று அவர்கள் கழுத்தைப் பிடிக்காதீர்கள். அதோடு ஒவ்வொரு மே மாதமும் உங்களுடைய நல்ல அடிக்குரல் (பேஸ்) இரண்டு படிப்பு முடித்து இறையியலுக்குக் கிளம்பிவிடும். ஒரே குரல் பாட்டு என்றால் யார் போனாலும் பாட்டு நிற்கும்.

திருப்பலிப் பாட்டைக் கர்நாடக ராகத்தில் அமைப்பது பற்றி உங்கள் கருத்து?
— இசை ஆசிரியை, நாமக்கல்

தாராளமாக. நாட்டின் சொந்த இசைக்கு உரிய இடம் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே 1963 ஏட்டின் 119-ஆம் எண் சொல்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதற்கு வெகுகாலம் முந்தியே காத்திருக்காமல் கீர்த்தனை எழுத ஆரம்பித்துவிட்டவர், அவரும் கத்தோலிக்கர்தான்.

சிக்கல் ராகத்தில் இல்லை, சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில். ஒருவர் தோடி பாடினால் சொர்க்கம். 38 பேர் தோடி பாடினால் 38 பேரும் காந்தாரத்தை 38 விதமாக அசைப்பார்கள். அசைக்காமல் பாடினாலோ அது தோடியே இல்லை. கூட்டத்துக்கு மோகனம், சுத்த சாவேரி, மத்தியமாவதி மாதிரி, சுரத்தை நிமிர்த்திப் பிடித்தாலும் முகம் மாறாத ராகமாக எடுங்கள். அசைவெல்லாம் தனியாகப் பாடுகிறவருக்குச் சரணத்தில்.

குளிரில் தொண்டை கட்டிக்கொள்கிறது. மிட்டாய் சாப்பிடலாமா?
— குருமாணவர், ஏற்காடு

வெந்நீர். மிளகு அங்கேயே விளைகிறது, பாலில் தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சரிக்கட்டுகிறேன் என்று செருமாதீர்கள், கிசுகிசுத்தும் பேசாதீர்கள், இரண்டும் தொண்டைக்கு ஆகாது. விடியற்காலைப் பூசைக்கு முன் பத்து நிமிஷம் வாய்மூடி ‘ம்’ போட்டுக் குரலை எழுப்புங்கள். தபேலாவுக்கும் உங்கள் கதிதான், ஈரத்தில் தோல் தளர்ந்து இறங்கியிருக்கும், அதையும் தட்டி ஏற்றிவிட்டுப் போங்கள்.

உங்கள் அப்பா உபதேசியார் என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் இலத்தீன் தெரியாமல் எப்படி இலத்தீனில் பாடினார்கள்?
— பெரியவர், சூரமங்கலம்

தெரியாமலேதான் ஐயா பாடினார்கள், அழகாகவும் பாடினார்கள். சேலம் தனி மறைமாவட்டம் ஆனது 1930-இல், முதல் ஆயரே பிரெஞ்சுக்காரர். வெள்ளைக்காரச் சாமியார்கள் சொல்லச் சொல்ல உபதேசியார்கள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். அப்பாவின் நோட்டும் அப்படித்தான். கோடு போட்ட நோட்டு, ஊதா மை. “தோமினுஸ் வோபிஸ்கும்.” அடுத்த வரியில் “எத் கும் ஸ்பிரித்து தூவோ.” ‘கீரியே எலேயிசோன்’ என்பதையும் இலத்தீன் என்ற தலைப்பின் கீழேதான் எழுதியிருக்கிறார், அது கிரேக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘ஓரேமுஸ்’ என்றால் ‘மன்றாடுவோமாக’; எனக்கு ஏழு வயசில் அது ஒரு புனிதர் பெயர் என்று நினைப்பு. ஒவ்வொரு பூசையிலும் கூப்பிடுகிறார்களே, ரொம்பப் பெரிய புனிதராக இருக்கும் என்று.

ஆனால் அந்த நோட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. பூசைப் புத்தகத்தில் இலத்தீனை அச்சடித்திருக்கிற விதத்தில் எந்த உயிரை நீட்டுவது, எதைக் குறுக்குவது என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் தப்பிக்க வழியில்லை, ‘தி’ போடுவதா ‘தீ’ போடுவதா என்று ஒவ்வோர் எழுத்திலும் முடிவு செய்தாக வேண்டும். அப்பா காதில் விழுந்ததை அப்படியே குறிலும் நெடிலுமாகப் பிடித்து வைத்துவிட்டார். சில இடத்தில் பென்சிலால் குறிலை நெடிலாக்கியிருக்கிறார்.

இராத்திரி செபத்துக்குப் பிறகு தேவதாய்க்குப் பாடும் ‘சால்வே ரெஜீனா’வைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்றைக்கும் அந்த நோட்டைத்தான் மலைக்கு எடுத்துப் போகிறேன், தட்டுவடைப் பொட்டலத்தின் எண்ணெய் படாமல் தனிப் பையில். அதைப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு நீட்டமும் குறுக்கமும் தவறுவதே இல்லை. ‘ஃப’ மட்டும் தவறும். ‘ஃப்ருக்தும்’ என்பதை ‘ப்ருக்தும்’ என்று எழுதிவிட்டார் அப்பா, வருஷா வருஷம் ஒரு கூட்டம் அதை அப்படியே பாடுகிறது. நான் இன்னும் திருத்தவில்லை.